ஒழுகாத ஒலி

“சார், வணக்கம். இன்னிக்கும் ஒழுகுறீங்களே!”

விபெக்கே பேசுவது ஒரு ரப்பர் தலையிடம். எங்கள் கம்பெனி செய்யும், பாட்டுப் பாடும் மூக்குக்கண்ணாடியை அதற்கு மாட்டிவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். வாயில் கறுப்பு ரொட்டி அப்படியே அடங்கியிருக்கும். மென்றால் கேட்காதாம்.

ஐம்பது தாண்டியவள், முன்கோபி. பஸ்ஸில் பக்கத்து ஆளின் காதிலிருந்து பாட்டு கசிந்தால், கூடவே உரக்கப் பாடி அவனை இறங்க வைப்பாள். எங்கள் ஆர்ஹூஸ் ஊர் பஸ்ஸில் யாரும் யாரிடமும் வாயே திறப்பதில்லை. நான் அவளோடு பஸ் ஏறுவதை விட்டுவிட்டேன்.

காதை அடைக்காமல் காதுக்குள் பாட வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கக் கூடாது. இதுதான் அவள் பிழைப்பு. கண்ணாடியின் காதுக்கம்பிக்குள் நகத்தளவு ஒலிபெருக்கி, அதற்கு இரண்டு வாய். ஒன்று காதைப் பார்த்துப் பாடும். மற்றது அதே பாட்டின் அலையைத் தலைகீழாக்கி வெளியே விடும். சற்றுத் தள்ளிப் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். “புருஷன் பெண்டாட்டி மாதிரிதான். தள்ளி நின்னு பாக்குறவனுக்கு ஒரு சத்தமும் கேக்காது” என்பாள்.

பாட்டு ஓடுவது எதிரில் இருப்பவனுக்குத் தெரிய, கண்ணாடி ஓரத்தில் சின்ன விளக்கு எரியட்டும் என்று கேட்டவளும் அவள்தான். வடிவமைப்பாளன் யெப்பே விடவில்லை. “நெத்தியில லைட்டு எரியறதுக்கு அது என்ன சைக்கிளா, அக்கா?” எல்லோரும் சிரித்தோம். எதிலும் விட்டுக்கொடுக்காதவள், சிரித்துக்கொண்டே அதை மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

புது மாடலின் முதல் கண்ணாடி அவள் கணவன் ஸ்டீனுக்குப் போனது, அவன் பார்வைக்கேற்ற லென்ஸோடு. பழைய மாடல் கொஞ்சம் ஒழுகும். சாப்பாட்டு மேஜையில் அவன் கைப்பந்து வர்ணனை கேட்டால் இவள் கண்டுபிடித்துக் கரண்டியால் தட்டுவாள். புதியதில் ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

“நான் பேசறப்ப தலையாட்டறான்டி. எனக்கா, பாட்டுக்கா, தெரியல. நான் வாயே தொறக்காதப்பவும் ஆட்டறான்.”

“கழட்டச் சொல்லேன்” என்றேன்.

“கழட்டுனா கண்ணு தெரியாதாம்.” காப்பிக் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். “வெள்ளி விழாவுக்குப் பேசணும்ல, அன்னிக்காவது கேக்கறானா பாப்போம். அன்னிக்கும் இல்லேன்னா அவன் எனக்கு வேண்டாம்.”

அந்த ஆகஸ்டில் அவர்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம். காலையில் அக்கம்பக்கத்தார் ஊர் வழக்கப்படி வாசலில் தழை வளைவு கட்டிப் பாடினார்கள். மாலையில் ஊர் மண்டபத்தில் வறுத்த இறைச்சி முடிந்ததும் விபெக்கே எழுந்து, பேசப்போகிறேன் என்று கிளாஸைத் தட்டினாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில், பிறக்காமலே போன பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். இத்தனை வருஷம் எங்கள் யாரிடமும் சொல்லாத சேதி. மேஜையில் ஒரு கரண்டி அசையவில்லை. ஸ்டீன் புன்னகை மாறாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான். எழுந்து போய் அவனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அதே குரலில், “அப்புறம் ஸ்டீன், போன வருஷம் நீ செத்துப்போனே. நல்லபடியா அடக்கம் பண்ணோம். கூட்டம்தான் கொஞ்சம் கம்மி” என்றாள்.

ஸ்டீன் தலையாட்டினான். கிளாஸைத் தூக்கி, “ஸ்கோல்!” என்று வாழ்த்துச் சொன்னான்.

விருந்தாளிகள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். யெப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செம்மக்கா!” என்று கத்தினான். உடனே எல்லோரும் முள்கரண்டியால் கிளாஸ்களைத் தட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து அப்படித் தட்டினால் தம்பதி நாற்காலியில் ஏறி நின்று முத்தமிட வேண்டும், அது அங்கே வழக்கம்.

தட்டுவதைப் பார்த்து ஸ்டீன் முதலில் ஏறிக்கொண்டான். விபெக்கேயும் எதிர் நாற்காலியில் ஏறினாள். இரண்டு கையாலும் அவன் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கு இடிக்காமலிருக்க என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கைதட்டலும் எழுந்தது. அவன் கண்ணை இடுக்கி உதட்டைக் குவித்துக் காத்திருந்தான்.

அவள் கண்ணாடியைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு காதுக்கம்பியில் ஒரு விரலை வைத்து, சத்தம் கூடும் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.