வரதராஜன்பேட்டைக்குப் போன ஓ.டி.பி.

எங்கள் கம்பெனிக்கு ஐந்து டைரக்டர்கள். ஐவருமே மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயிகள். ஊர் விவசாயிகள் பங்கு போட்டுத் தொடங்கிய உழவர் கம்பெனி அது. பூலாம்பாடியில் உரக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நான், அவ்வளவுதான் கம்பெனி. ஆனால் பெரிய மில்காரர்களிடம் கேட்கிற அத்தனை படிவத்தையும் அரசாங்கம் எங்களிடமும் கேட்கும். கூட்டம் போட்டீர்களா, கணக்கு முடித்தீர்களா, டைரக்டர் இருக்கிறாரா, ஓடிப்போனாரா என்று வருஷம் தவறாமல் விசாரிக்கும்.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்தான் கே.ஒய்.சி. டைரக்டரின் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைத் தட்டிவிட்டால் முடிந்தது. செப்டம்பருக்குள் தட்டாவிட்டால் அவருடைய டைரக்டர் எண் முடங்கிவிடும். முடங்கியது தலைவரின் எண் என்றால் கம்பெனியின் வருஷ அறிக்கையே போகாது.

தொடங்கிய நாளில் ஆளுக்கொரு போன் நம்பர் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் சொந்த நம்பரையா கொடுப்பார்கள்? வீட்டில் படித்தது யாரோ அவர்கள் நம்பரைக் கொடுத்தார்கள். லப்பைக்குடிக்காட்டு பாய் மகனுடையதைக் கொடுத்தார். மகன் துபாய்க்குப் போய்விட்டான். தலைவர் மகளுடையதைக் கொடுத்தார்; அவள் கல்யாணமாகி வரதராஜன்பேட்டைக்குப் போனபோது சீர்வரிசையோடு எங்கள் நம்பரும் போய்விட்டது. மாற்றுவதென்றால் தனிப் படிவம், தனி அலைச்சல். ஒரு போனில் முடிகிற காரியம்தானே என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனம் என்னுடையது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பர் கடைசி நாள். துபாயிலிருந்து ஓ.டி.பி. இரண்டே நிமிஷத்தில் வந்து சேர்ந்திருந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்துதான் வரவில்லை. தலைவர் இரண்டு வாரமாக "நாளைக்கு வாங்கித் தரேம்மா" என்று நழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்பா வயதுக்காரர் என்றும் பார்க்காமல் வரவழைத்து எதிரே உட்கார வைத்தேன்.

"விஷயத்தச் சொல்லாம இங்கேருந்து எழுந்திருக்கக் கூடாது."

"அது எங்கிட்ட பேசறதில்லம்மா" என்றார்.

தை மாசம் பேரனுக்குக் காதுகுத்து. அன்றைக்கென்று பார்த்து இவர் காட்டுக்குச் சோளம் அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. விட்டால் மறுபடி பத்து நாள் காத்திருக்க வேண்டும். இவர் மெஷின் பக்கம் நின்றுவிட்டார். அன்றிலிருந்து எட்டு மாசமாக அப்பாவும் மகளும் பேசவில்லை.

இவ்வளவுதானே என்று ஓ.டி.பி.யை அனுப்பிவிட்டு நானே மகளைக் கூப்பிட்டேன்.

"நம்பர் வந்திருக்கு அக்கா. ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவரையே கேக்கச் சொல்லுங்க."

அதை அப்படியே சொன்னேன். தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் எதுக்குக் கேக்கணும்? பெத்தவன் நானா, அதுவா?" என்றார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? இருவரும் அசையவில்லை. ஓ.டி.பி. காலாவதியானது. பெரம்பலூரிலிருந்து ஆடிட்டர் வேறு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

"பங்கு போட்ட அத்தன குடும்பமும் உங்க வூட்டுச் சண்டைக்கு நடுவுல நிக்கணுமா?" என்று கத்திவிட்டேன். இன்னொரு ஓ.டி.பி. அனுப்பி, மகளை மறுபடி கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அவர் கையில் திணித்தேன்.

"நம்பரச் சொல்லு" என்றார்.

"யாரு பேசறது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பாதான்" என்றார்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ளைக்குக் காது ஆறிடுச்சா?" என்று கேட்டார். தையில் குத்திய காதைப் புரட்டாசியில் விசாரிக்கிறார்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுக்கு எப்பவோ ஆறிடுச்சு. எனக்குத்தான் ஆறல" என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

"நான் வந்திருக்கணும்மா. தப்புதான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது. பிறகு பேரன் நடக்கிறானா, பல் எத்தனை, மருமகனுக்கு முதுகுவலி எப்படி என்று எட்டு மாசத்தையும் பேசித் தீர்த்தார்கள். அதற்குள் அந்த ஓ.டி.பி.யும் செத்தது. குறுக்கே புகுந்து, "குடும்பக் கதைய அப்புறம் வெச்சுக்குங்க" என்று மூன்றாவதை அனுப்பினேன். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் ஏலம் கூவுவது போலத் திருப்பிக் கத்த, நான் தட்டினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது.

மறுநாள் காலை ஆடிட்டர் கூப்பிட்டார். வருஷ அறிக்கையில் தலைவர் கையெழுத்து சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். தலைவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவைதான் எடுத்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"இரும்மா, இவன் போனப் புடுங்குறான்" என்றார். பின்னால் ஒரு குழந்தை சிரித்துக் கத்திக்கொண்டிருந்தது. "வரதராஜன்பேட்டையில இருக்கேன். முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன். ஏதாச்சும் அவசரமா?"

"ஒண்ணும் அவசரமில்ல தலைவரே" என்றேன். "ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க."