பாப்பா விழுங்கிய சீட்டு

சத்யாவுக்கு இருபத்தாறு வயது. இரண்டரை வயதில் ஒரு பெண், ஏழு மாதத்தில் ஒரு பையன், முப்பத்தொரு வயதில் ஒரு புருஷன். இவர்களில் முதல் இரண்டு பேரும் என்றைக்காவது வளர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

புருஷன் முத்துராஜ் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவன். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவனைப்போல் கெட்டிக்காரன் கிடையாது என்று கோட்டைக்குப்பத்தில் சொல்வார்கள். சத்யா அவனைத் தண்ணீரில் பார்த்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் கரையேறிய முத்துராஜைத்தான். வந்ததும் வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். காலை நீட்டிப் படுத்து, செல்போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "ஏ சத்யா, தண்ணி குடு" என்பான். தண்ணீர்க் குடம் அவன் தலைமாட்டிலேயே இருக்கும்.

சித்திரை வெயிலுக்குச் சிமெண்ட் ஷீட் கூரை காலை பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். சின்னவனுக்குக் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் வேர்க்குரு. தூளியில் போட்டால் வீறிடுவான், பாயில் போட்டால் சிணுங்குவான், இடுப்பில் வைத்தால்தான் வாயை மூடுவான். அவனை இடுப்பில் வைத்தபடியே சத்யா மீன் கழுவினாள், சோறு வடித்தாள், குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தாள். இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

பெரியவளுக்குப் பேர் ஒன்று உண்டு. முத்துராஜ் செல்போனில் தேடி எடுத்து வைத்த பேர். அது அவன் வாயிலேயே சரியாக நுழையாததால் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பாப்பா கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் தின்பாள். நாள்காட்டியில் பாதிப் பங்குனி அவள் வயிற்றுக்குள்தான் போனது. சோப்பு உறை, பொன்னேரி பஸ் டிக்கெட், கரண்டு அட்டையின் ஒரு மூலை என்று எதையும் அவள் விட்டு வைக்கவில்லை. தடுப்பூசி போட வரும் நர்சம்மா, "ரத்தம் கம்மியா இருந்தா இப்படித்தான் தின்னும். இதைக் குடுத்துக்கினு வா, சரியாப் பூடும்" என்று ஒரு டானிக் கொடுத்திருந்தாள். அதைத் தினமும் ஊற்றிக் கொடுக்கிற வேலை ஒன்றை மட்டும் சத்யா புருஷனிடம் விட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாட்டிலின் மூடி திறக்கப்படவே இல்லை.

"ரெண்டு மணி நேரம் புள்ளைங்களப் பாத்துக்கோய்யா, கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

"புள்ள பாக்கறதுலாம் ஒரு வேலையா? நீ தூங்கு" என்றான்.

அரை மணியில் திடுக்கிட்டு எழுந்து பார்த்தால் அவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். சின்னவன் பாயிலிருந்து உருண்டு போய்ச் சுவரோரம் முட்டிக்கொண்டு கிடக்கிறான். பாப்பா கருவாட்டுக் கூடைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சத்யா அவனை எழுப்பிச் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கும் எதிரே இருப்பவன் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைக் கழுவப் போனாள்.

அவளுக்கு இருந்த ஒரே கதி வடக்குக் கோடிப் பாடுதான். ஏரியை ஊர்க்காரர்கள் வலை போடும் இடங்களாக, அதாவது பாடுகளாக, பிரித்து வைத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு ஏழு பாடு, ஏழு வலைக்காரர்கள். கோடை தொடங்கும்போது சீட்டுப் போட்டு, எந்தப் பாடு யாருக்கு என்று முடிவு செய்வார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதல் பாடு. இறால் அங்கேதான் ஏறும். விடியலில் போனால் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வடக்குக் கோடியோ ஆந்திர எல்லையை ஒட்டிய வெறும் சேறு. அது விழுந்தவன் அங்கேயே கொட்டாய் போட்டு, தானே பொங்கித் தின்று, இரண்டு மாதம் கிடக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் அவன் பெண்டாட்டி கைக்குழந்தைக்காரியாக இருந்தால் தாய்வீட்டுக்குப் போகலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மற்றபடி புருஷன் வீட்டில் இருக்க இவள் போனால், அவனுக்கு யார் பொங்கிப் போடுவது என்று ஊரே கேட்கும்.

சத்யாவின் தாய்வீடு பசியாவரம். நாலு பக்கமும் தண்ணீர், நாலு பக்கமும் காற்று. தங்கை திவ்யா பிள்ளைகள் என்றால் உயிரை விடுவாள். "நீ வா, ரெண்டையும் எங்கிட்ட குட்த்துட்டுத் தூங்கு. சோத்துக்கு மட்டும் எழுப்பறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். தெருவில் மற்றப் பெண்கள் தங்கள் புருஷனுக்கு முகத்துவாரம் விழ வேண்டும் என்று அம்மனுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சத்யாவும் ஒன்று வைத்தாள், வடக்குக் கோடிக்காக.

சீட்டு எடுக்கிற கை எழுத்தறியாத சின்னப் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த வருஷம் தெருவில் அந்த வயதில் இருந்தது பாப்பா ஒருத்திதான். அன்று காலை முத்துராஜ் குளித்து, சந்தனம் வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் மகளைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"இட்லி குட்த்து இஸ்துகினு போய்யா. பசி வந்தா காயிதத்த வாய்ல போட்டுக்கும்" என்று சத்யா கத்தினாள்.

"எனக்குத் தெரியாதா? நான் அவ நைனா!" என்று அவன் திரும்பிப் பார்க்காமலேயே போனான்.

அவனுக்கு எதுவும் தெரியாது என்பது தெரிந்ததால், இட்லியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவளும் பின்னாலேயே ஓடினாள். கோயிலுக்கு எதிரே இருந்த கொட்டகையில் ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஏழு வலைக்காரர்களின் பேர் எழுதிய சீட்டுகளோடு ஒரு பானை இருந்தது. பெண்கள் உள்ளே வரக் கூடாது. அவள் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

தலைவர் தருமலிங்கம் தொண்டையைச் செருமி, "முகத்துவாரப் பாடு!" என்றார். பாப்பா பானைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய சத்தத்தில் அவள் சிரித்தாள், சீட்டை வாயில் போட்டாள், மென்றாள். முத்துராஜ் விரலை விட்டுத் துழாவுவதற்குள் விழுங்கியும் விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நடு ஏரியில் காற்றைப் பார்த்து மழை சொல்கிற ஆட்கள், ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் கைகால் ஓடாமல் தவித்தார்கள். ஒருத்தன் பாப்பாவைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினான். அவள் அதை விளையாட்டென்று நினைத்துக் கெக்கலித்தாள். "நாளைக்கு வெளிய வரும், அவ ஆத்தா பாத்து எட்த்தாரட்டும்" என்றான் இன்னொருத்தன். அதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். வீரராகவன் என்று ஒருவன், பட்டணத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன், விவரம் தெரிந்தவன் என்று பேர் எடுத்தவன், "பொன்னேரிக்கு இஸ்துகினு போய் ஸ்கேன் எட்த்தா இன்னா பேருன்னு தெரிஞ்சிடும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஸ்கேனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று ஒருவன் கேட்டான்.

மறுபடி முதலிலிருந்து எடுக்கலாமே என்று யாரோ முனகியதைத் தருமலிங்கம் காதில் வாங்கவே இல்லை. அம்மன் முன்னால் எடுத்த சீட்டு எடுத்ததுதான். வாதாடி வாதாடி வியர்த்துப்போய், கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"புள்ளைய இட்டாந்தவன் முத்துராஜி. வாய்ல போட்டத பாத்துகினு இருந்தவனும் அவன்தான். அதனால வடக்குக் கோடி அவனுக்கு. சீட்டே வேணாம்."

முத்துராஜின் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே நின்ற சத்யாவுக்கு நெஞ்சு குப்பென்று நிறைந்தது. பசியாவரம் கண்ணில் தெரிந்தது. திவ்யா தெரிந்தாள், பாய் தெரிந்தது, தூக்கம் தெரிந்தது. பெற்ற மகளை அப்படியே வாரி முத்தமிட வேண்டும் போலிருந்தது. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

"சரி தலைவரே, முகத்துவாரம் யாருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

வீரராகவன் எழுந்து நின்றான். "அது இனிமே யாருக்குத் தெரியும்? சீட்டே போச்சே. தெரியாத சீட்டுக்கு யாரப் போய் நிக்க வெக்கறது? அம்மா இந்த வருசம் அத்தத் தனக்குன்னு எட்த்துக்கினாங்கன்னு நெனச்சிக்கினு சும்மா வுட்ற வேண்டியதுதான்."

ஏரியிலேயே நல்ல இடத்தை, இறால் ஏறுகிற மாதத்தில், சும்மா விட்டுவிடுவதாம். ஆறு தலைகளும் பக்தியோடு ஆடின. தருமலிங்கம் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். சத்யா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இந்தத் தலைகளுக்குத்தான் காலையிலும் மாலையிலும் பெண்கள் குழம்பு வைத்துக் கொட்டுகிறார்கள். இந்த மூளைகள் கூடிப் பேசுகிற இடத்துக்குள்தான் பெண் கால் வைக்கக் கூடாது. இரண்டரை வயதுப் பிள்ளைக்குக்கூட, ஏழு மிட்டாயில் ஆறு தெரிந்தால் காணாமல் போனது எது என்று தெரியும். அவளுக்கு உள்ளே ஏதோ பொங்கி வந்தது. அடக்க வேண்டும் என்று தெரிந்தது, அடக்க முடியவில்லை.

"யோவ்!" என்று கத்தினாள். "மீதி ஆறு சீட்டயும் எட்த்துப் பிரிச்சிப் பாருங்கய்யா! எவன் பேரு வரலியோ, அவன் பேரத்தான் அவ துன்னுட்டா! இதுக்கு எதுக்குய்யா ஸ்கேனு?"

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. தருமலிங்கம் மோட்டுவளையைப் பார்த்தார், மீசையை நீவினார், தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு ரோசன பண்ணேன்" என்றார். "மீதி ஆறு சீட்டயும் எட்த்துப் பாத்தா இன்னா? வராத பேரு எதுவோ அதுதான முகத்துவாரம்?"

"ஆகா! தலைவர்னா தலைவர்தான்!" என்று வீரராகவன் தொடையில் தட்டினான்.

சத்யா விடுவிடென்று உள்ளே போனாள். இட்லியைப் பிய்த்து மகள் வாயில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். அவள் கொட்டகைக்குள் வந்ததையும் யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். மறுபடி பாப்பாவே சீட்டு எடுத்தாள். இந்த முறை தருமலிங்கம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் பாடு சிங்காரத்துக்கு. மூன்றாவது தினகரனுக்கு. பேர் ஒவ்வொன்றாக வெளியே வரவர, சத்யா மீதிச் சீட்டுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். என்ன செய்து வைத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த சீட்டாவது முத்துராஜாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேறு யார் பேராவது பாப்பாவின் வயிற்றில் இருந்துவிட்டுப் போகட்டும், வடக்குக் கோடித் தீர்ப்பு அப்படியே நிற்கட்டும். நாலாவதும் அவன் இல்லை, ஐந்தாவதும் இல்லை, ஆறாவதும் இல்லை. வடக்குக் கோடிக்கு வந்த கடைசிச் சீட்டைத் தருமலிங்கம் பிரித்து, "வீரராகவன்!" என்றார்.

பாப்பா தின்றது அப்பன் பேரை. முகத்துவாரம் முத்துராஜுக்கு. அம்மன் கணக்கே அப்படி இருக்கும்போது தண்டனையாவது ஒன்றாவது என்று அதையும் ஊர் தள்ளிவிட்டது.

முத்துராஜ் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினான். ராசியான கை என்று எல்லோரிடமும் காட்டினான். மத்தியானம் வீட்டுக்கு வந்தவுடன் அவளை இறக்கிவிட்டு, ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தான்.

"தருமலிங்கத்துக்கு இன்னா மூள பாத்தியா சத்யா? ஒருத்தருக்கும் தோணல. அந்த ஆளு ஒரு நிமிசம் மேல பாத்தாரு, டக்குனு சொன்னாரு."

"நான் சொன்னது உன் காதுல வுழல?"

"நீயா? நீ என்னமோ கத்திகினு இருந்த. சோறு போடு. நாளையிலேந்து பத்து மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்துருவேன், பாத்துக்க."

சத்யா சோறு போட்டாள். சின்னவன் இடுப்பில் சிணுங்கினான். அந்தக் கொட்டகையிலிருந்த அத்தனை பேர்மேலும் அவளுக்கு இருந்த இளக்காரத்தை ஒன்றாகச் சேர்த்தாலும், அப்போது தன்மேல் வந்த இளக்காரத்துக்குக் கால்வாசிகூடத் தேறாது. அந்த மூடர்கள் தெரியாமல்தான் பேசினார்கள். வாயை மூட வேண்டும் என்று தெரிந்தும் பேசியவள் இவள்.

தெருவில் நந்தினியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீரராகவன் பெண்டாட்டி. நாலு மாதக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அக்கா, நாளைக்கே எங்கம்மா வூட்டுக்குக் கெளம்பறேன். ரெண்டு மாசம்! ஏதோ சீட்டு தின்னுட்டாங்கன்னாங்களே, இன்னாக்கா அது? எனக்கு ஒண்ணுமே புரியல" என்றாள்.

"புரிஞ்சிக்காத. அப்படியே போய்ச் சேரு" என்றாள் சத்யா.

சாயங்காலம் திவ்யாவிடமிருந்து போன் வந்தது. "இன்னாக்கா, படகு அனுப்பச் சொல்லவா? நைனா கேக்கறாரு."

"வேணாம். வரல."

"ஏன், மாமாவுக்கு வடக்கு வுழலியா?"

"வுழுந்துச்சி. சும்மா இருந்திருந்தா அவனுக்கேதான். நான்தான் அறிவாளியாச்சே, வாய வெச்சிகினு இருக்க முடியல."

உள்ளேயிருந்து முத்துராஜ் தண்ணீர் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டு, அவன் தலைமாட்டுக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள்.