ஒரு பிடி அரிசி

காலரா ஓய்ந்த பிறகு, நிவாரண அரிசி ஜனங்களுக்குக் கிடைத்ததா என்று பார்க்க சட்டசபைக் கமிட்டி மட்டாஞ்சேரிக்கு வந்தது. எங்கள் சந்துக்கு ஒரு மணி அரிசிகூட வந்ததில்லை. பிள்ளைகள் வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் கிடந்தார்கள்.

கமிட்டி வந்த அன்று காலையில்தான், நிவாரண அரிசி விநியோகிக்க வேண்டிய கான்ட்ராக்டர் சந்தில் வீட்டுக்கு வீடு ஒரு பை அரிசி வைத்தார். "யாரும் தொடக்கூடாது. சாயங்காலம் திருப்பி எடுப்பேன். கேட்டா அரிசி முன்னமே கிட்டிச்சுன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்." அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான்.

கமிட்டியின் மற்ற மெம்பர்கள் சந்து முக்கிலே சாயா குடித்தார்கள். ஒருவர் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஒல்லி ஆள், கதர் ஜிப்பா, சேறு படிந்த செருப்பு. பையில் கைவிட்டு ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தாராம்.

"அண்ணாச்சி, அரிசி எப்போ கிட்டி?"

"காலரா தீனம் வந்தப்பவே கிட்டி சாரே."

"பின்னே பை நிறைய இருக்கே, ஏன் வேவிச்சுத் தின்னலை?"

வாசலில் கான்ட்ராக்டர் நின்றார்.

"பசியில்லை சாரே."

மெம்பர் மெல்லுவதை நிறுத்தினார். என் பிள்ளைகளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். சற்று நேரம் காத்து நின்றார். நான் வாசலைப் பார்த்தேன். எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பையைத் தூக்கிய கான்ட்ராக்டர், "நல்லவேளை, மெம்பர் ஒரு பிடியோட நிறுத்தினார்" என்று சிரித்தார்.

எங்கள் சந்தில் நிவாரண அரிசி தின்றவர் அந்த மெம்பர் ஒருவர்தான். அவர் ஏன் காத்து நின்றார் என்பதை மட்டும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.