பத்மா மேடம் அளந்தது சரியாகத்தான் இருந்தது

போன வாரம் ஒரு காலை, அடையாறு சிக்னலில் நின்றிருந்தபோது அமுதாவிடமிருந்து போன் வந்தது. "சார், நம்ம பத்மா மேடம் போய்ட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அமுதா எங்கள் ஆய்வகத்தைச் சேர்ந்தவர் அல்ல. தரமணியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் ரேவதியின் தசைத் துணுக்கை ஒரு காலத்தில் பத்மா மேடம் பரிசோதித்தார். அந்தத் தொடர்பை மேடம் கடைசிவரை விடவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில், அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செல்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால் வரும் நோய்களைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம். தசையில் நொதிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று மேடம் அளப்பார். அந்த எண்களை வைத்து உடம்புக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்று கணிக்கும் கணினி மாதிரியை நான் உருவாக்கினேன். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்த பிறகே மேடம் முடிவுத் தாளை நீட்டுவார். அவசரப்படுத்தினால், "எனக்கே நம்பிக்கை இல்லாத நம்பரை உங்ககிட்ட எப்படி சார் கொடுப்பேன்?" என்பார்.

ரேவதியின் தாள் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு நொதியின் அளவு மிகக் குறைவாக இருந்தது. அதை என் மாதிரியில் போட்டேன். இவ்வளவு குறைந்தால் அந்தக் குழந்தையால் எழுந்து நிற்கவே முடியாது என்று வந்தது. அவளோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், துணுக்கு ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே கெட்டிருக்கும், அளவு தவறு என்றேன்.

கூட்டம் முடிந்ததும் மேடம் என் மேசைக்கு வந்தார். "சார், அந்தப் பொண்ணு என் முன்னாடிதான் படியேறி வந்துது. ஒரு மாடி ஏறித்து. ரெண்டாவது மாடிக்கு ஏற முடியாம உக்காந்துடுத்து. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பொண்ணு நிக்கவே மாட்டேங்கறது. ரெண்டு பேர்ல யாரை நம்பறது?"

நான் சிரித்தேன். நான் சொன்னபடியே அறிக்கையில் 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று எழுதினோம்.

நோய் இன்னதென்று தெரிந்திருந்தால், காய்ச்சல் வரும்போது பட்டினி போடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அமுதாவிடம் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ரேவதிக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி நிற்கட்டும் என்று இரண்டு நாள் தண்ணீர் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உயிர் பிழைத்தாள். கால்களுக்கு வலு திரும்பவில்லை. பிறகு செய்த மரபணுச் சோதனை பத்மா மேடத்தின் எண்ணை உறுதி செய்தது.

அதற்குப் பிறகுதான் என் பிழை எனக்குப் புலப்பட்டது. தசை முழுவதும் ஒரே அளவில் பழுதடைந்திருக்கும் என்று என் மாதிரி எடுத்துக்கொண்டது. நிஜத்தில் பழுதான இழைகளுக்கு நடுவே நல்ல இழைகளும் இருந்தன. அவற்றை வைத்துத்தான் அந்தக் குழந்தை ஒரு மாடி ஏறியது. மாதிரியைத் திருத்தினேன், கட்டுரை வெளியிட்டேன், பாராட்டு வாங்கினேன். நன்றி சொல்லும் வரியில் மேடத்தின் பெயரைச் சேர்த்தேன். "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று அவரிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அவர் ஓய்வு பெற்றுத் திருவான்மியூரில் இருந்தார். ஒரு நாள் அங்கே மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவரைப் பார்த்ததும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. "சார், மார்க்கெட்ல பார்த்தேன். அவசரமா போயிண்டிருந்தேள் போல, கூப்பிடலை. ரேவதி காலேஜ் சேந்துட்டா, தெரியுமோ? கம்ப்யூட்டர்தான் படிக்கறா." சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாவு வீட்டில் கூடத்து ஓரமாக, சக்கர நாற்காலியில் ரேவதி இருந்தாள். அமுதா என்னைக் காட்டி, "இவருதாம்மா அந்த சார்" என்றார். ரேவதி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம் எப்பவும் சொல்வாங்க சார். எனக்கு இன்னா நோவுன்னு கண்டுபுடிச்சதே நீங்கதான்னு."

அங்கேயே அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். மேடம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார், நான்தான் தடுத்தேன் என்றேன். ரேவதி கையை எடுத்துக்கொண்டாள். அமுதா, "இது மேடத்துக்குத் தெரியுமா சார்?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் அப்டி சொன்னாங்களா?"

அவர்களுக்கு எங்கள் ஆய்வகத்தின் மேல் நம்பிக்கை போய்விடக் கூடாது என்று மேடம் நினைத்தாரோ, என் மேல் இரக்கப்பட்டாரோ, இனிமேல் கேட்க முடியாது. தவறான எண் ஒன்றைக்கூடத் தாளில் ஏற்றாத ஒருவர், எனக்காக ஒரு பொய்யை இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.