அண்ணன் சேராத பி.ஏ. வகுப்பு

ஆறாம் வகுப்போடு மிஷன் பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக நன்றாயிருக்கும். அதை நம்பித்தான் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனுடைய காலேஜ் விண்ணப்பத்தோடு வந்தாள். "நீங்களே எழுதிக் குடுங்கக்கா. அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குது" என்றாள். மசிப்புட்டியைத் திறந்தேன். அந்த வாசனையில் கை ஓடவில்லை.

இதற்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம்தான் எழுதியிருக்கிறேன். அது என் அண்ணன் ஞானமுத்துவுக்காக. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஊரிகத்தில் மூங்கில் தட்டி வைத்த கம்பெனி லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை.

அண்ணன் மதராஸில் எஃப்.ஏ. தேறிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தான். பி.ஏ.வை வேறொரு காலேஜில் படிக்க ஆசை. ஒரே சர்வகலாசாலைக்குக் கீழ் அத்தனை காலேஜ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கர்வம் என்பான். பரீட்சையன்று எல்லாக் காலேஜ்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, எவன் தலைப்பாகை எப்படி என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்களாம். விடுதியில் இவன் குளித்துவிட்டு வந்தால், "வாளியில தங்கம் ஒட்டியிருக்கா பாருடா" என்று கேலி செய்வார்களாம். இவன் சுரங்கத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் நைனாவுக்குக் காய்ச்சல். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், வீடும் போய்விடும். ஆபீசுக்குத் தெரிந்தது பித்தளை டோக்கனில் உள்ள எண்ணும், அதற்கு நேரே எழுதிய பெயரும்தான். முகம் தெரிந்தவர் மேஸ்திரி ஒருவரே. ஆகவே ஒருவனுக்கு முடியாவிட்டால் இன்னொருவன் அவன் டோக்கனில் இறங்குவான். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பது போலத்தான் எங்கள் லைனில் அதை நினைத்தோம்.

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "இன்னா யாக்கோபு, இன்னிக்கும் வரலியா?"

"நான் போறேன் நைனா, ஒரு ஷிப்டு தானே" என்றான் அண்ணன்.

"நீ பேனா புடிக்கிறவன்டா" என்று நைனா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

மேஸ்திரி சிரித்தார். "வாங்க தொர. தலப்பாவ மட்டும் கழட்டி வெச்சிட்டு வாங்க."

அண்ணன் பாதி எழுதிய காலேஜ் விண்ணப்பத்தை என்னிடம் தந்தான். "மேரி, மீதிய அழகா எழுதித் தபால்ல போட்டுடு."

தகப்பனார் உயிருடன் இருக்கிறாரா என்று அதில் ஒரு கேள்வி. பாயில் புரளும் நைனாவைப் பார்த்துக்கொண்டே 'ஆம்' என்று எழுதினேன். கீழே சுரங்கத்தில் எங்கேயாவது பாறை வெடித்தால் எங்கள் பாத்திரங்கள் குலுங்கும். நான் எழுதிக்கொண்டிருந்தபோதும் குலுங்கின. வழக்கம்தானே என்று நான் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். பாறை வெடித்து அண்ணன் போய்விட்டான் என்றார். அப்புறம், "ஆபீசுல செத்தவன்னு உன் பேர எழுதிட்டாங்க யாக்கோபு. உண்மைய சொன்னா நம்ம கேங்கு பதினாலு பேருக்கும் டோக்கன் போயிடும்" என்றார்.

நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

கல்லறைத் தோட்டத்தில் போதகர், ஆபீஸ் கொடுத்த தாளைப் பார்த்து யாக்கோபு என்று வாசித்தார். "எம் புள்ள பேரச் சொல்லுங்கய்யா" என்று கத்திய அம்மாவின் வாயைப் பெண்கள் பொத்தினார்கள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று போதகர் நினைத்திருப்பார். நான் பக்கத்திலேயே நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அன்றும் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் காலேஜிலிருந்து கடிதம் வந்தது: இடம் உண்டு, திறக்கும் நாளில் வரவும். பதில் எழுத நான்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "செத்துட்டான்னு எழுதாதடி. வரலன்னு மட்டும் எழுது." அப்படியே எழுதினேன். அந்தக் காலேஜின் புத்தகத்தில், கூப்பிட்டும் வராத பையன் ஒருவன் இருப்பான்.

தட்டி லைன்கள் இப்போது இல்லை. மேஸ்திரியும் அந்தப் பதினாலு பேரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். கல்லறையில் நட்ட மரச்சிலுவை செல்லரித்து விழுந்ததோடு அதிலிருந்த தப்பான பெயரும் போயிற்று. எந்தக் குழி என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.

அந்தப் பதிலைத் தபாலில் போட்ட மறுநாள் நைனா வேறொரு சுரங்கத்துக் கேம்ப்புக்குப் போய், ஞானமுத்து என்று பெயர் கொடுத்து, புது டோக்கன் வாங்கி, முதல் ஷிப்டுக்கு இறங்கினார்.