கேட்பதற்கு முன்பே பிரதி

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பண்டார் ஹிலிரிலிருந்து காஜா பேராங் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அன்று காலையில்தான் ஸ்டூடியோ வேலை போயிருந்தது. படத்துக்குப் பிரதி எடுக்க, நெகட்டிவை மாட்டி வைப்பதற்காக நானே செய்த பலகை அது. "எனக்கே தொழில் சொல்லித் தரியா? கட்டயத் தூக்கிக்கிட்டு நட" என்றார் முதலாளி. வேலை போய் நடப்பது எனக்குப் புதிதில்லை.

சுதந்திரம் வந்த சமயம். காஜா பேராங்கில், கடல் கடந்து வந்தவர்களுக்கும் குடியுரிமைப் பதிவு. ஆளுக்கு இரண்டு படம் வேண்டும். மரத்தடியில் பெட்டிக் கேமராவோடு மாணிக்கம் அண்ணன் திணறிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியில் முதலில் காகித நெகட்டிவ்தான் விழும். அதைக் கேமராவுக்கு முன்னால் மாட்டி மறுபடி எடுத்தால்தான் படம். ஆளுக்கு ஒரு போகஸ், நெகட்டிவுக்கு ஒரு போகஸ். வரிசை நகரவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவர் எஸ்டேட்டிலிருந்து வந்த லெட்சுமி அக்கா. "எங்க எஸ்டேட்டுக்குப் பதிவு இன்னியோட சரி தம்பி. லோரி கெளம்பிட்டா நான் போயாகணும். எஸ்டேட் ஆபீஸ் கிராணி திரும்ப லீவு குடுக்க மாட்டாரு."

மாணிக்கம் அண்ணனிடம் பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது.

"அண்ணே, அதக் குடுங்க."

"ஒட்டட புடிச்சது அது."

"லென்ஸ் இருக்குல்ல."

பலகையை அதன் முன் கட்டி, ஒரே தடவை போகஸ் வைத்தேன். முதல் நெகட்டிவ் ஈரத்தில் வழுக்கியது. பிரதியில் அந்த ஆளுக்கு இரண்டு வாய். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் ரெண்டு வாய் கெடச்சிருக்கு, விடுப்பா" என்றார் அவர். அண்ணன் மரத்தில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தின் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி நெகட்டிவ் மேல் அழுத்தினேன். அசையவில்லை.

அதன்பின் அண்ணன் ஆட்களை மட்டும் படம் எடுத்தார். கழுவும் வாளியிலிருந்து வரும் ஒவ்வொரு நெகட்டிவும் நேரே என் பலகைக்கு வந்தது. யாரும் கேட்காமலே இரண்டு பிரதி. போகஸைத் தொடவே இல்லை. வரிசை ஓடியது.

லெட்சுமி அக்கா தன் நெகட்டிவை எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் போற நேரத்துல என்னய வெள்ளக்காரியாக்கிட்டீங்களே."

லோரி ஹார்ன் அடித்தது. ஈரப் படங்களை விசிறிக்கொண்டே பதிவு அலுவலகத்துக்குள் ஓடினார். வெளியே வந்தபோது, "பதிஞ்சாச்சு" என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு லோரியில் ஏறினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிரதியைக் கேட்டபின் எடுக்காதீர்கள். புதுப் படம் விழுந்ததும் எடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை கிளம்பலாமென்று பலகையை எடுக்கப் போனேன். அண்ணன் அதைப் பெட்டியோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்.

"இனி இதத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது. ஒக்காரு, ஆள் வந்துருச்சு."

உட்கார்ந்தேன்.