எங்கே என்று கேட்காத டாக்சி

கோமதிநாயகம் நல்ல டிரைவர் என்பதில் தாராவியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கு வண்டி கொடுத்திருந்த ஷரீஃபுன்னிசாவும் அதைத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொள்வாள். வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார், பீடி குடிக்க மாட்டார், யாரையும் ஏசமாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறை. டாக்சியில் ஏறி உட்கார்ந்தவரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்க மாட்டார்.

கிளம்புகிற மனுஷனைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. இது நமக்கெல்லாம் பால்குடி மறக்கும் முன்பே தெரிந்த சங்கதி. யாராவது விவரம் கெட்டவன் கேட்டுத் தொலைத்தால், வீட்டுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படவேண்டும். தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். இஷ்டமிருந்தால் பதில் சொல்வார்கள். இல்லாவிட்டால் "இங்கதான், பக்கத்துல" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு ரயிலேறுவார்கள். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

கோமதிநாயகம் வள்ளியூர்ப் பக்கத்து மனிதர். கொழும்பில் புறக்கோட்டை ஜவுளிக்கடை முதலாளி ஒருவரிடம் வெகுகாலம் கார் ஓட்டினார். அங்கே இந்தக் கஷ்டமே இல்லை. முதலாளி ஏறுவார், தாமாகவே இடத்தைச் சொல்வார், வண்டி போகும். ரோட்டிலும் ஒரு மரியாதை இருந்தது. எதிரே வருகிறவன் ஒதுங்கினால் இவர் கையைத் தூக்குவார், அவனும் தூக்குவான். பிறகு இந்தியாக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை என்ற பேச்சு வலுத்து, முதலாளியே கடையைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குக் கப்பலேறினார். மச்சான் ஒருத்தன் தாராவியில் தோல் கிடங்கில் இருந்தான். அவனை நம்பி, மனைவி பேராச்சியையும் கூட்டிக்கொண்டு கோமதிநாயகம் பம்பாய் வந்து சேர்ந்தார்.

கொழும்பு மரியாதை அப்படியே கூட வந்துவிட்டது. லால்பாகில் டிராம் திரும்பினால் நிறுத்தி வழிவிடுவார். கைவண்டிக்காரனுக்கு நிறுத்துவார். விக்டோரியா வண்டிக் குதிரைக்கு நிறுத்துவார். பிறகு கையைத் தூக்குவார். பம்பாயில் ரோட்டில் கையைத் தூக்குகிறவன் ஒன்று போலீஸ்காரன், இல்லை வண்டி கெட்டு நிற்கிறவன். ஆரம்பத்தில் நாலைந்து டிரைவர்கள் இறங்கி வந்து இவருடைய பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனார்கள்.

பேராச்சி கடைத்தெருவில் பட்ட பாடு தனி. எந்த வீட்டிலிருந்தும் எந்தக் கடையிலிருந்தும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வாள். கட்ச் பக்கத்துக் குஜராத்திக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் உப்பும் பருப்பும் வாங்கிக்கொண்டு, கற்றுக்கொண்ட அரைகுறை ஹிந்தியில் அதையே சொன்னாள். அந்த நல்ல மனிதர், பாவம், ஏதோ மறந்துவிட்டது, திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தார். அவள் வரவில்லை. மறுநாள் அவர் அதை மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். அதிலிருந்து பேராச்சி பேச்சையே விட்டுவிட்டுக் கும்பிடு மட்டும் போட்டாள். தன் தலைக்குமேல் மாட்டியிருக்கும் லட்சுமி படத்தைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அவர் சற்று நகர்ந்து வழிவிட்டார்.

அது கடையோடு போயிற்று. டாக்சியில் அப்படி முடியவில்லை. முதலில் கோமதிநாயகம் "தூரமா?" என்பதையே ஹிந்தியில் கேட்டுப் பார்த்தார். கிட்டத்துச் சவாரி என்றால் வரமாட்டான் போலிருக்கிறது என்று ஆட்கள் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சரி, வாயைத் திறந்தால்தானே வம்பு என்று கேட்பதையே நிறுத்தினார். ஆள் ஏறினதும் மீட்டர் கொடியைச் சாய்ப்பார், பம்பாயில் பெரும்பாலும் எல்லோரும் தெற்கேதானே போகிறார்கள் என்று தெற்கே விடுவார். போகப் போக அவர்களாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சொன்னார்கள். ஒரு மார்வாடி சேட் மட்டும் ஏறினதும் பேப்பரை விரித்தவர், பைகுல்லாவில் தலையைத் தூக்கினார். அவர் போகவேண்டியது வடக்கே, சயானுக்கு. அவர் பேசிய பேச்சில் கோமதிநாயகத்துக்குப் பாதி புரியவில்லை, அதுவரைக்கும் நல்லது.

இப்படி ஒன்று மேல் ஒன்றாகப் புகார் வந்து, ஷரீஃபுன்னிசா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேலப்பாளையத்துக்காரி. புருஷன் மௌத்தாகும்போது இரண்டு டாக்சியை விட்டுப் போயிருந்தான். அதை வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாள். அவளுக்கும் இந்த சாஸ்திரமெல்லாம் தெரியும், அதனால்தான் அவ்வளவு நாள் பொறுத்தாள்.

"அண்ணே, நீங்க ஏன் கேக்க மாட்டேங்கியன்னு எனக்குத் தெரியும். எங்க வாப்பாவும் கேக்க விடமாட்டாவ. ஆனா நீங்க எங்கன்னு கேக்கலைன்னா, நான் எங்க போறது?"

இன்னும் ஒரு புகார் வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கோமதிநாயகம் சரி தங்கச்சி என்றார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய டிரைவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் நின்ற சமயம் அது. இந்தச் சாவி போனால் தோல் கிடங்கில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான்.

அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சகுனம் தமிழில்தான் இருக்கிறது. ஹிந்திக்கு இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே ஹிந்தியில் எங்கே என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. "கஹாங் ஜானா?" என்று கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் நாக்கு கூசிற்று, பிறகு பழகிவிட்டது. புகாரும் நின்றது. ஷரீஃபுன்னிசா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

அப்புறம் ஒருநாள் காலையில், மாட்டுங்காவில் அனந்தநாராயணன் வண்டியில் ஏறினார்.

அவர் பாலக்காட்டுக்காரர், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஏதோ ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். குளித்து விபூதி இட்டு, மடியில் ஒரு பிளாஸ்க், தோளில் ஒரு துணிப்பை. ஏறி உட்கார்ந்து, "போலாம், கொஞ்சம் சீக்கிரமாப் போகணும்" என்றார், தமிழில். அதோடு கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

கோமதிநாயகம் வாயைத் திறந்து, மூடினார். நெற்றியில் விபூதியோடு தமிழில் பேசுகிற மனிதரிடம் ஹிந்தியில் கேட்பது மரியாதை இல்லை. ஜபம் பண்ணிக்கொண்டு போகிறவரைத் தமிழில் எங்கே என்று கேட்பது அதைவிடப் பெரிய பாவம். அவராகச் சொல்லட்டும் என்று வண்டியை எடுத்தார்.

அனந்தநாராயணனுக்கோ டாக்சி சவாரி அதுதான் முதல் தடவை. வாழ்நாளெல்லாம் லோக்கல் ரயிலில் போனவர். ரயில் எங்கே என்று கேட்பதில்லை, அது பாட்டுக்குப் போகிறது. தவிரவும், போகிற இடத்தின் பேரைக் கிளம்பும்போதே வாயால் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. பரேலில் ஒரு ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வாலாம்பாளுக்கு வயிற்றில் கட்டி என்று அன்றைக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் வந்துவிடுகிறேன், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று முந்தின நாள் அவளிடம் சொல்லியிருந்தார்.

வண்டி கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்தது. அங்கேயிருந்து எந்தப் பக்கமும் போகலாம் என்பதால் கோமதிநாயகம் எந்தப் பக்கமும் போகவில்லை. நடுவிலிருந்த பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். பின்னால் ஜபம் முடிந்தபாடில்லை. கண்ணைத் திறந்த ஒரு சமயம் அனந்தநாராயணன் வெளியே பார்த்தார், அதே பழக்கடை மறுபடியும் வந்தது. ரோட்டை எங்கேயோ மறித்திருக்கிறார்கள் போலும், தொழில் தெரிந்தவருக்கு நாம் யோசனை சொல்லக் கூடாது என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். முனையில் நின்ற போலீஸ்காரன் அடுத்த சுற்றில் சலாம் வைத்தான். கோமதிநாயகம் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார்.

இரண்டு பேருமே நல்லவர்கள். ஒருவராவது கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்திருக்கலாம்.

கண்ணாடியில் அந்த பிளாஸ்கைப் பார்த்ததும்தான் கோமதிநாயகத்துக்கு இது ஆஸ்பத்திரிக் காரியம் என்று பட்டது. எந்த ஆஸ்பத்திரி? இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி. தவறான இடத்தில் கொண்டுபோய் இறக்கினால் புகார் வரும், வண்டி போகும். அது கிடக்கட்டும், பின்னால் இருக்கிறவருடைய காரியம் என்ன ஆகும்? அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"சாமி, மன்னிச்சிக்கிடணும். எங்க போகணும்?"

கேட்டது தப்பு என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் பரேல் என்று சொல்லியிருப்பார், வண்டியும் பறந்திருக்கும். அனந்தநாராயணன் மெல்லிய குரலில், "ஆத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வாய் ஜலம் குடிச்சிட்டுக் கிளம்பிடலாமா?" என்று கேட்டார். கோமதிநாயகம் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

அனந்தநாராயணன் பூட்டைத் திறந்து, கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கேட்ட பாவத்துக்காக கோமதிநாயகமும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். பிறகு கதவைப் பூட்டி, மறுபடி கிளம்பினார்கள். இந்தத் தடவை படியிறங்கும்போதே பரேல், ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லிவிட்டார். கோமதிநாயகம் அன்றைக்கு எந்தக் குதிரைக்கும் நிறுத்தவில்லை.

அவர்கள் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால்தான் வாலாம்பாளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

கோமதிநாயகம் மீட்டர் கொடியை நிமிர்த்திவிட்டு வாசலிலேயே நின்றார். வந்த சவாரிகளைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். வெயில் ஏறி, இறங்கத் தொடங்கினபோது அனந்தநாராயணன் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிட்டே வந்து, கட்டியை எடுத்தாயிற்று, பயமில்லை என்கிறார்கள், கண் முழித்துவிட்டாள் என்றார். அப்புறம் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள போறச்சே வாசலையே பாத்துண்டிருந்தாளாம். நர்ஸ் சொன்னா. எங்காத்துக்காரர் வந்துடுவார், கொஞ்சம் இருங்கோன்னு ரெண்டு தரம் சொன்னாளாம்."

அனந்தநாராயணன் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கோமதிநாயகத்துக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாட்டுங்காவில் இறங்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேரே ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, சாவியை நடையில் வைத்தார். அவள் முழுசாகக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரம்மா எப்படி இருக்கிறாள் என்று முதலில் விசாரித்தாள். பிறகு, புகார் யாரும் கொடுக்கவில்லையே என்றாள். நான் கொடுக்கிறேன் என்றார் கோமதிநாயகம். அவள் சாவியைக் காலால் தள்ளாத குறையாக அவர் பக்கம் நகர்த்தினாள். டிரைவர் மேலே டிரைவரே புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்கிற வழக்கம் தன் வீட்டில் இல்லை, இனிமேல் எந்தப் பாஷைக்காரர் ஏறினாலும் அந்தப் பாஷையில் வாய்விட்டுக் கேட்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேராச்சி ஏன் என்று கேட்டாள். சொன்னார். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பேராச்சி கதவோரம் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறாள். அவள் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை. கோமதிநாயகம் சந்தில் இறங்கி நாலு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பி வந்தார்.

"ஏட்டி, நான் மத்தியானம் வரைக்கும் மாட்டுங்கா ஸ்டேஷன்ல நிப்பேன். அங்க சவாரி இல்லைன்னா தாதர்ல."

பேராச்சி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கப்பல் வெடிச்ச அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம் போனியன்னு எனக்குத் தெரியாது. இந்தச் சந்துல எல்லாவளும் அவ அவ ஆளைத் தேடி ஓடினாளுவ. எனக்கு எந்தப் பக்கம் ஓடன்னு தெரியல. இங்கயே நின்னேன்."

துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே குலுங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அன்றைக்கு அவர் பொழுது சாய்ந்து, மேலெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தார். பேராச்சி கதவோரம் நின்றிருந்தாள். காலுக்குத் தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நம்ம வீட்டுக்காரி எதற்கும் கலங்க மாட்டாள் என்று அவர் சிநேகிதர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

கோமதிநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடத்தின் பேர்களை மறுபடி ஒரு தடவை நிதானமாகச் சொன்னார்.

"மாட்டுங்கா ஸ்டேஷன். இல்லைன்னா தாதர்."

"தாதர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் பேராச்சி.